கமிஷன் மண்டி: காவிரிப் படுகையில் ஒப்படைப்பு விற்பனையின் வரலாறு

ஒருவர் தம் பொருளை வேறொருவரிடம் ஒப்படைக்கிறார். அவர் அதை விற்று, தமக்குரிய கழிவையும் செலவையும் எடுத்துக்கொண்டு, மீதிப் பணத்தைப் பொருளுக்கு உரியவரிடம் தருகிறார். இம்முறை ஒப்படைப்பு விற்பனை எனப்படும். கணக்குப் பதிவியல் பாடத்தில் இதைக் 'கன்சைன்மென்ட்' என்றும் குறிப்பிடுவர். தஞ்சை வட்டாரத்தில் இதற்குப் பாடப்புத்தகப் பெயர் வேண்டியதில்லை. 'மண்டியில் போட்டிருக்கிறேன்' என்றால் எல்லோருக்கும் புரியும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையில் நெல், வாழை, வெற்றிலை, பருத்தி ஆகியவை பல தலைமுறைகளாக இம்முறையில் விற்கப்பட்டு வந்துள்ளன. இம்முறை எவ்வாறு இயங்குகிறது, விவசாயிக்கு எங்கே உதவியது, எங்கே அவரைக் கட்டிப்போட்டது, அதை ஒழுங்குபடுத்த அரசு என்ன செய்தது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முறையின் அடிப்படை

ஒப்படைப்பு விற்பனையில் இருவர் உள்ளனர். பொருளை ஒப்படைப்பவர் உரிமையாளர். பெற்றுக்கொண்டு விற்பவர் முகவர். நம் ஊர் வழக்கில் மண்டிக்காரர். இந்த உறவை விற்பனையிலிருந்து பிரித்துக் காட்டுபவை மூன்று விதிகள்.

முதலாவது, பொருள் முகவரின் கிடங்குக்குப் போய்விட்டாலும் உரிமை மாறுவதில்லை. வெளியாள் ஒருவர் வாங்கும் வரை அது ஒப்படைத்தவருடைய பொருளே. இரண்டாவது, உரிமை யாரிடமோ நட்டமும் அவரிடமே. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாதபோது இடர் உரிமையோடு சேர்ந்தே செல்லும் என்கிறது. முகவரின் கவனக்குறைவு இல்லாத நிலையில் மழையில் நனைந்தாலும், எலி தின்றாலும், விலை சரிந்தாலும் அது உரிமையாளரின் கணக்கு. மூன்றாவது, முகவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 213ஆம் பிரிவில், உரிமையாளர் கேட்கும்போது முறையான கணக்கை முகவர் தர வேண்டும் என்று கூறுகிறது. இவ்வாறு தரப்படும் தாளே மண்டிகளில் 'பட்டியல்' எனப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. ஒரு விவசாயி 100 மூட்டை நெல்லை மண்டியில் போடுகிறார். மூட்டை ரூ.1,000 வீதம் விற்று ரூ.1,00,000 வருகிறது. கழிவு நூற்றுக்கு 2 வீதம் ரூ.2,000, ஏற்றுகூலி, இறக்குகூலி, எடைக்கூலி ரூ.1,500, வண்டி வாடகை ரூ.3,000, மகமை ரூ.100. ஆகச் செலவு ரூ.6,600. சாகுபடிக் காலத்தில் அவர் மண்டிக்காரரிடம் வாங்கிய முன்பணம் ரூ.40,000, அதற்கு மாதம் நூற்றுக்கு 2 வீதம் மூன்று மாத வட்டி ரூ.2,400. எல்லாம் கழித்து அவர் கைக்கு வருவது ரூ.51,000.

இப்போது விலை மட்டும் மூட்டைக்கு ரூ.900 ஆகக் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். விற்றுமுதல் ரூ.90,000, கழிவு ரூ.1,800, மற்றச் செலவு ரூ.4,600, முன்பணமும் வட்டியும் ரூ.42,400. கைக்கு வருவது ரூ.41,200. விற்றுமுதலில் ரூ.10,000 குறைந்தபோது மண்டிக்காரருக்குக் குறைந்தது ரூ.200. விவசாயிக்குக் குறைந்தது ரூ.9,800. இடர் யார் தலையில் விழுகிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

அப்படியானால் இம்முறை ஏன் தோன்றியது? விற்கும் இடம் தொலைவில் இருக்கும்போதும், அங்குள்ள விலை தெரியாதபோதும், வாங்குபவரை நேரில் அறியாதபோதும் உற்பத்தியாளருக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறார். மண்டிக்காரருக்கு வாங்குபவர்களைத் தெரியும், கிடங்கு உண்டு, நம்பிக்கையான எடையாள் உண்டு. தன் பணத்தை முழுவதும் முடக்காமலேயே அவர் வணிகம் நடத்த முடிகிறது. விலை ஏறினால் அதன் பயன் விவசாயிக்கே வரும் என்பதும் இம்முறையின் நல்ல பக்கம். களத்திலேயே மொத்த விலைக்கு விற்றுவிட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

துறைமுகமும் ரயிலும்

கடல் வணிகத்தில் இம்முறை மிகப் பழமையானது. 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரின் இசைவோடு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் வணிகத் தலம் அமைத்தனர். 1658இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர். 1781இல் அது ஆங்கிலேயர் வசம் வந்தது. இக்காலத்து ஐரோப்பிய வணிகத் தலங்கள் 'ஃபாக்டரி' என்று அழைக்கப்பட்டன. அங்கே எந்த ஆலையும் இருக்கவில்லை. 'ஃபாக்டர்' என்றால் பிறர் சார்பில் வாங்கி விற்கும் முகவர். அவர் தங்கும் இடமே ஃபாக்டரி. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியில் ஃபாக்டர் என்பது ஒரு பதவிப் பெயராகவும் இருந்தது. இச்சொல் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவிலும் இடம்பெற்றுள்ளது. தமக்கு வர வேண்டிய பாக்கிக்காகப் பிறர் பொருளைத் தம்மிடம் நிறுத்தி வைத்துக்கொள்ளும் உரிமை உடையவர்களின் பட்டியலில், வங்கியாளருக்கு அடுத்ததாக ஃபாக்டர் வருகிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை அரிசி நாகப்பட்டினம் வழியாக இலங்கைக்குச் சென்றது. அங்குள்ள தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளருக்கு அரிசி தேவைப்பட்டது. கப்பல் புறப்படும் நாளில் ஒரு விலை, சேரும் நாளில் வேறு விலை என்ற நிலை கடல் வணிகத்தில் இயல்பு. ஆகவே அக்கரையில் ஒரு முகவரை வைத்து, வந்த விலைக்கு விற்கச் சொல்லி அனுப்புவதே பொருத்தமான வழி.

ரயில் இந்த முறையை உள்நாட்டுக்கும் கொண்டுவந்தது. நாகப்பட்டினம்–தஞ்சாவூர் ரயில் பாதை 1861இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. தஞ்சாவூர் மாவட்ட வாரியம் அமைத்த மாயவரம்–முத்துப்பேட்டை பாதையில் 1894இல் வண்டிகள் ஓடின. இதன் பிறகு நெல்லும் அரிசியும் மாட்டுவண்டி போகும் தொலைவைத் தாண்டி எளிதாகச் செல்ல முடிந்தது. ரயில் நிலையங்களை ஒட்டி அரிசி ஆலைகளும் மண்டிகளும் பெருகின. தொலைவில் உள்ள வாங்குபவர், அருகில் உள்ள விவசாயி, இருவருக்கும் நடுவே மண்டிக்காரர் என்ற அமைப்பு உறுதிப்பட்டது.

களமும் கலமும்

எல்லோரும் ஒரே மாதிரி நெல்லை விற்கவில்லை. பெரிய மிராசுதார் அறுவடை நெல்லைக் குதிரிலும் களஞ்சியத்திலும் வைப்பார். அது போதாதபோது வைக்கோல் பிரி சுற்றிப் பட்டறை கட்டி வைப்பார். விலை ஏறும் மாதம் வரை காத்திருந்து, தாம் விரும்பிய மண்டிக்கு அனுப்புவார். அவருக்கு ஒப்படைப்பு முறை ஒரு வசதி. குத்தகைதாரரின் நிலை வேறு. குத்தகை நெல்லை அளக்க வேண்டும்; ஆட்களுக்குக் கூலி நெல் கொடுக்க வேண்டும்; வாங்கிய கடனைத் தீர்க்க வேண்டும். அறுவடை முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வருவதால் களத்து விலை தாழ்ந்திருக்கும். அந்த விலைக்கே அவர் விற்பார். அல்லது கடன் கொடுத்த மண்டிக்கே நெல்லைக் கொண்டுபோவார்.

அளவையிலும் சிக்கல் இருந்தது. தஞ்சைப் பகுதியில் 12 மரக்கால் ஒரு கலம். 2 கலம் ஒரு மூட்டை. முகத்தல் அளவையில் மரக்காலைக் குவித்து அளப்பதற்கும் தலை தட்டி அளப்பதற்கும் வேறுபாடு உண்டு. அளப்பவரின் கை எங்கே நிற்கிறதோ அங்கே சில படி நெல் கூடும் அல்லது குறையும். அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவது மங்கல வழக்கு. அந்த லாபம் யாருடையது என்பது அளப்பவரைப் பொறுத்தது. 1956ஆம் ஆண்டின் அளவைச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் எடைமுறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோதுதான் இந்தக் குழப்பம் பெருமளவு நீங்கியது.

விலை பேசும் முறையும் மறைவானது. தரகர்கள் துண்டால் கைகளை மறைத்துக்கொண்டு, விரல்களைத் தொட்டு விலை பேசுவர். பொருளுக்கு உரியவர் பக்கத்தில் நின்றாலும் எந்த விலைக்குப் பேச்சு முடிந்தது என்பது அவருக்குத் தெரியாது. மகமை என்பது கோயிலுக்கும் தருமத்துக்கும் என்று வணிகர்கள் தமக்குள் வைத்துக்கொண்ட நல்ல ஏற்பாடு. ஆனால் விற்பவரின் பட்டியலில் அது கழிக்கப்பட்டபோது அவரைக் கேட்டுச் செய்யப்பட்ட தருமமாக அது இருக்கவில்லை. சாம்பிளுக்கு என்று எடுக்கப்பட்ட நெல்லும், சாக்குக்கு என்று கழிக்கப்பட்ட எடையும் இதே வகை.

முன்பணம் என்னும் முடிச்சு

ஒப்படைப்பு விற்பனையில் ஒப்படைத்தவரே எசமானர். முகவர் அவர் சொற்படி நடப்பவர். ஒப்பந்தச் சட்டத்தின் 211ஆம் பிரிவும் உரிமையாளரின் அறிவுறுத்தல்படியே முகவர் செயல்பட வேண்டும் என்கிறது. இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று சொல்லவும், விற்காத பொருளைத் திரும்பப் பெறவும் உரிமையாளருக்கு உரிமை உண்டு. 215, 216ஆம் பிரிவுகள், முகவர் உரிமையாளருக்குத் தெரியாமல் தாமே அப்பொருளை வாங்கிக்கொள்வதைத் தட்டிக்கேட்கவும் இடம் தருகின்றன.

ஆனால் முன்பணம் வாங்கியதும் இந்த உறவு தலைகீழாகிறது. இதை அதே சட்டத்தின் 202ஆம் பிரிவு காட்டுகிறது. ஒப்படைத்த பொருளில் முகவருக்கும் ஒரு பற்று இருந்தால், அந்தப் பற்றுக்குக் கேடு வரும்படி அவருடைய அதிகாரத்தை முடிவுக்குக் கொண்டுவர இயலாது என்பது அப்பிரிவின் கருத்து. சட்டமே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. ஒருவர் 1,000 பொதி பருத்தியை முகவரிடம் அனுப்புகிறார். முகவர் அப்பருத்தியின் மேல் முன்பணம் கொடுத்திருக்கிறார். விற்று முன்பணத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லியாயிற்று. இனி அனுப்பியவர் அந்த அதிகாரத்தைத் திரும்பப் பெற முடியாது. அவர் இறந்தாலும் அது முடிவதில்லை.

சட்டம் பொதுவாகச் சொன்னதைப் படுகையின் சிறு விவசாயி நாள்தோறும் பட்டறிந்தார். விதைநெல்லுக்கும் உரத்துக்கும் மகளின் திருமணத்துக்கும் மண்டிக்காரர் பணம் கொடுத்தார். வங்கி எட்டாத காலத்தில் அது பெரிய உதவிதான். அவசரத்துக்குக் கதவைத் தட்டினால் திறப்பவர் அவர் ஒருவரே. அந்த உதவிக்கு ஈடாக விவசாயி இழந்தது, வேறு மண்டிக்குப் போகும் உரிமையும் விற்கும் நாளைத் தீர்மானிக்கும் உரிமையும். பெயரளவில் நெல் அவருடையதாகவே இருந்தது. நட்டமும் அவருடையதாகவே இருந்தது. முடிவு மட்டும் மண்டிக்காரரிடம் போய்விட்டது. இம்முறையின் உண்மையான குறை கழிவு விகிதத்தில் இல்லை. முன்பணத்தோடு அது பிணைந்ததில்தான் இருந்தது.

ஒழுங்குமுறைச் சட்டங்கள்

இந்தியாவில் வேளாண் சந்தைகளைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தும் முயற்சி 1897ஆம் ஆண்டின் பேரார் பருத்தி, தானியச் சந்தைச் சட்டத்தில் தொடங்கியது. லின்லித்கோ தலைமையிலான வேளாண்மைக்கான அரச ஆணையம் 1928இல் அளித்த அறிக்கை, ஒழுங்குமுறைச் சந்தைகளை நாடெங்கும் அமைக்கப் பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. அதில் நேரடியாகப் பெயர் குறிக்கப்பட்டவை பருத்தி, நிலக்கடலை, புகையிலை. நெல் அதில் இல்லை. இதனால் தொடக்கத்தில் இச்சட்டத்தின் பயன் கொங்கு நாட்டுப் பருத்திக்கும் தென்னார்க்காட்டு நிலக்கடலைக்கும் கிடைத்த அளவு தஞ்சை நெல்லுக்குக் கிடைக்கவில்லை.

பின்னர் 1959இலும் 1987இலும் வேளாண் விளைபொருள்களுக்கான விரிவான சட்டங்கள் இயற்றப்பட்டன. படுகை மாவட்டங்களில் விற்பனைக் குழுக்களின் கீழ் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் செயல்படுகின்றன. கும்பகோணம், பாபநாசம், திருவாரூர், செம்பனார்கோயில் ஆகிய இடங்களில் கோடைப் பருத்திக்கு நடக்கும் மறைமுக ஏலம் இவற்றுள் நன்கு அறியப்பட்டது. வணிகர்கள் தாங்கள் தரும் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகின்றனர். பிறகு அவை எல்லோர் முன்னிலையிலும் திறக்கப்படுகின்றன. உயர்ந்த விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயி விற்க மறுத்து அடுத்த ஏலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சந்தைக் கட்டணம் வாங்குபவரிடமிருந்து வசூலிக்கப்படுகிறது. துண்டுக்குள் விரலால் பேசப்பட்ட விலை இங்கே சீட்டில் எழுதப்பட்ட விலையாக மாறியது.

முன்பண முடிச்சை அவிழ்க்கவும் இக்கூடங்களில் ஒரு வழி உண்டு. அதுவே பொருளீட்டுக் கடன். விளைபொருளைக் கூடத்தின் கிடங்கில் வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் பெறலாம். 180 நாட்கள் வரை விலைக்காகக் காத்திருக்கலாம். மிராசுதாரின் பட்டறை அவருக்குக் கொடுத்த காத்திருக்கும் வலிமையைச் சிறு விவசாயிக்கும் கொடுப்பதே இதன் நோக்கம்.

அரசு நேரடியாக வாங்கியபோது

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. போர்க்காலத்தில் கட்டாயக் கொள்முதலும் பங்கீடும் வந்தன. தஞ்சை நெல்லுக்கு அரசே முதன்மையான வாங்குபவர் ஆனது. 1952இல் முதலமைச்சர் இராஜாஜி உணவுதானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். மண்டிகள் மீண்டும் தழைத்தன.

1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. ஊருக்கு ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வந்தன. 2002 அக்டோபர் முதல் தமிழ்நாடு பரவலாக்கப்பட்ட கொள்முதல் திட்டத்தில் சேர்ந்து, கழகமே நெல்லை வாங்கி, அரைத்து, பொது விநியோகத்துக்கு அனுப்பி வருகிறது. 2024–25 பருவத்தில் மாநில ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் ரூ.2,405, சன்ன ரகம் ரூ.2,450 என்று விலை தரப்பட்டது.

கொள்முதல் நிலையத்தில் நடப்பது ஒப்படைப்பு அன்று, முழு விற்பனை. எடை போட்டு ஏற்றுக்கொண்ட நொடியில் உரிமையும் இடரும் கழகத்துக்கு மாறுகின்றன. விலை முன்கூட்டியே தெரியும், கழிவு இல்லை, பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. மண்டி முறையின் பழைய குறைகள் பலவற்றை இது நீக்கியது.

ஆனாலும் பழைய கேள்வி ஒன்று வாசலில் நிற்கிறது. எடை போடும் வரை நெல் யாருடையது? குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. நிலையத்தின் முன்னே குவித்து வைத்த நெல், முறை வரும் வரை விவசாயியுடையது. மழை பெய்தால் நனைவது அவருடைய நெல். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். மீண்டும் உலர்த்த வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு இந்த வரம்பை 19 சதவீதம் வரை தளர்த்தியது போன்ற சலுகைகள் அந்தந்தப் பருவத்துக்கு மட்டுமே உரியவை. மண்டியில் போட்டுவிட்டு விலைக்குக் காத்திருந்தவருக்கும், நிலையத்தின் முன் முறைக்குக் காத்திருப்பவருக்கும் இந்த ஒரு வகையில் வேறுபாடு இல்லை. காத்திருக்கும் காலத்தின் இடரை இருவருமே தனியாகச் சுமக்கின்றனர்.

இங்கே ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க ஒரு செய்தி உண்டு. கழகம் தான் வாங்கிய நெல்லை அரவை முகவர்களான தனியார் ஆலைகளிடம் ஒப்படைக்கிறது. அப்போதும் நெல் கழகத்துக்கே உரியது. 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசியாக 68 கிலோ, பச்சரிசியாக 67 கிலோ திருப்பித் தர வேண்டும் என்று கணக்கு உள்ளது. ஆலையிடமிருந்து பிணைத் தொகையும் பெறப்படுகிறது. பிறரிடம் பொருளை ஒப்படைக்கும்போது உரிமையாளர் எப்படிப் பாதுகாப்புத் தேட வேண்டும் என்பதற்கு இது சரியான எடுத்துக்காட்டு. மண்டியிடம் நெல்லை ஒப்படைத்த விவசாயி எந்தப் பிணையும் கேட்டதில்லை. கேட்கும் நிலையிலும் இல்லை. அவரே கடன்பட்டவர்.

இன்றைய நிலை

நெல்லில் ஒப்படைப்பு முறை சுருங்கியிருந்தாலும் அழுகும் பொருள்களில் அது உயிரோடு இருக்கிறது. திருவையாற்று வாழையும், காவிரிக் கரைக் கொடிக்கால் வெற்றிலையும், பூவும் மண்டி வழியாகவே பெரிதும் விற்கப்படுகின்றன. காய்கறி, பழம், பூ மண்டிகளில் நூற்றுக்குப் பத்து என்ற கழிவு பல காலமாகப் பழகிய கணக்கு. மாலைக்குள் விற்றாக வேண்டிய பொருளுக்குப் பொருளீட்டுக் கடன் பயன்படாது. 1999இல் மதுரையில் முதலில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் பரவிய உழவர் சந்தை, முகவர் இல்லாமல் நேராக விற்க ஒரு வழி செய்தது. சிறு அளவில் விளைவிப்பவருக்கு அது உதவும். நூறு தார் வாழை வைத்திருப்பவருக்கு மண்டிதான் வழி.

வரிச் சட்டத்திலும் இதே கேள்வி எழுந்தது. ஓர் அரிசி ஆலை வேறு மாநில முகவருக்குச் சரக்கு அனுப்பினால் அது விற்பனையா, ஒப்படைப்பா? விற்பனை என்றால் மத்திய விற்பனை வரி உண்டு. ஒப்படைப்பு என்றால் இல்லை. 1972ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 6ஏ பிரிவு, அது ஒப்படைப்புதான் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைச் சரக்கு அனுப்பியவரிடம் வைத்தது. அதற்கான சான்றே 'எஃப்' படிவம். 2017இல் வந்த சரக்கு, சேவை வரியில், முகவருக்கு அனுப்புவதே வழங்கலாகக் கருதப்படுகிறது.

புத்தகக் கடைகளிலும் கைவினைப் பொருள் கடைகளிலும் 'விற்றால் பணம், இல்லையேல் திருப்பம்' என்ற வடிவத்தில் இதன் உறவுமுறை ஒன்று வழங்குகிறது. இங்கும் முதலில் பணம் முடக்குபவர் பொருளை உருவாக்கியவரே.

மாணவர்கள் கருத வேண்டியவை

ஓர் ஒப்படைப்பு ஏற்பாட்டை ஆராயும்போது நான்கு கேள்விகள் கேட்டால் போதும். விற்கும் வரை பொருள் யாருடையது? கெட்டாலும் விலை விழுந்தாலும் நட்டம் யாருக்கு? விற்ற விலையை உரிமையாளர் நேரில் அறிய முடிகிறதா? முகவருக்கு உரிமையாளர் கடன்பட்டிருக்கிறாரா? முதல் இரண்டுக்கும் சட்டம் விடை சொல்லிவிட்டது. மூன்றாவதற்கு ஏலச்சீட்டும் எடைமேடையும் ஓரளவு விடை தந்தன. நான்காவதற்கு, தக்க நேரத்தில் தகுந்த வட்டியில் கிடைக்கும் கடன் ஒன்றுதான் விடை. காவிரிப் படுகையில் அந்தக் கடன் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கிடைத்த ஊர்களில் மண்டிக்காரர் முகவராக இருக்கிறார். கிடைக்காத ஊர்களில் எசமானராக இருக்கிறார்.